பதினோரு பனியன்களும் நான்கு வெளிச்சங்களும்

ஆறாம் வகுப்பில் நான் வைத்திருந்த குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. கிழித்த நாள்காட்டித் தாள்களின் வெற்றுப் பக்கங்களை அடுக்கி, அப்பாவின் ஓவர்லாக் மெஷினில் ஓரம் தைத்தது. அதில் ஒரு வசதி உண்டு. எழுதிய பக்கத்தைத் திருப்பினால் எழுதிய நாள் தெரிந்துவிடும். வெளிச்சத்தைப் பற்றிய முதல் பதிவு ஆடி மாதக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை: “டியூப்லைட். உயரம் எட்டு அடி. தவறு 11.”

எங்கள் வீடு முதலிபாளையத்துக்குப் பக்கத்தில். அப்பா பதினாறு வருடம் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்தவர். அவர் தைத்தது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்பார்கள். அங்கே ஒரு நேரத்தில் ஒரு நிறம்தான் ஓடும். பிரித்து அடுக்கிக் கையில் கொடுக்கத் தனி ஆள் உண்டு. அந்த வருடம் அப்பா வேலையை விட்டுவிட்டு, இரண்டு மெஷின்களை வாங்கி வீட்டு முன்னறையில் போட்டு, அதே கம்பெனியிடம் ஜாப் ஒர்க் எடுத்தார். முதலில் வந்தவை குழந்தைகளின் பனியன்கள். காப்பிக்கொட்டை நிறத்தில் பாதி, பாசிப்பச்சையில் பாதி. உடல் துணியும் கழுத்துப்பட்டியும் தனித்தனியாக வரும். எந்த நிற உடலோ அதே நிறப் பட்டியை வைத்துத் தைக்க வேண்டும். பதினோரு பனியன்கள் காப்பி நிற உடலும் பச்சைக் கழுத்துமாகத் திரும்பி வந்தன.

கொண்டுவந்த சூப்பர்வைசர் எங்களுக்கு நன்கு தெரிந்தவர். அன்று டீ வேண்டாம் என்றார். அதிலேயே விஷயம் பெரிது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“நம்ம ஆளுன்னு சொல்லித்தானுங்க பண்டலை இங்க எறக்குனேன். இன்னொருக்கா இப்பிடி வந்துச்சுன்னா மொதலாளி மூஞ்சில நா எப்பிடிங்க முழிக்கிறது?”

அடுத்த திங்கட்கிழமை வண்டி வரும்போது ஒரு பிழையும் இருக்கக் கூடாது. இருந்தால் மெஷின்கள் போய்விடும். சொல்லிக்கொண்டு வந்த கம்பெனிக்கே அப்பா மறுபடி போய் நிற்க வேண்டும். அப்பா அந்தப் பனியன்களை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, “வெளிச்சம் பத்தலீங்க” என்றார்.

“அதைத்தான நானும் சொல்லிட்டே இருக்கறேன். டியூப்லைட்டு ரெண்டு பக்கமும் கருகிக் கெடக்குது” என்றாள் அம்மா, சமையலறையிலிருந்து. அதற்கு முன் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, எலக்ட்ரிக் கடை வைத்திருந்தார். புதன்கிழமை நூறு வாட்ஸ் குண்டு பல்போடு வந்தார். டியூப்லைட் நீலமாக அடிக்கும், குண்டு பல்புதான் நிறத்தை உள்ளபடி காட்டும் என்றார். அன்று தைத்ததை அம்மா சரிபார்த்தாள். ஏழு தவறு. ஏழையும் உட்கார்ந்து தையல் பிரித்தாள். வெள்ளிக்கிழமை மாமா சி.எஃப்.எல். விளக்கோடு வந்தார். “குண்டு பல்பு மஞ்சளா அடிக்குமுங்க மச்சான், அதுல கலரு பாக்கவே கூடாது” என்று, அந்தப் பல்பை வேறு யாரோ மாட்டிவிட்டுப் போனதுபோலச் சொன்னார்.

“டேய், அக்கா ஊட்டுலயே யாவாரம் பண்றியா?” என்றாள் அம்மா.

சி.எஃப்.எல். விளக்கில் ஒன்பது தவறு.

எனக்கு இது பெரிய புதிராக இருந்தது. காப்பி நிறத்தில் ஒரு வெட்டுத்துண்டும் பச்சையில் ஒரு துண்டும் எடுத்து வைத்துக்கொண்டு மூன்று விளக்குகளிலும் பார்த்திருந்தேன். மூன்றுக்கும் நேராக “எனக்குத் தெரிகிறது” என்று எழுதியிருக்கிறேன். அப்பாவுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை? சனிக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தேன். நான் தரையில் உட்கார்ந்து பார்க்கிறேன். அப்பா ஸ்டூலில் உட்கார்வதால் அவர் தலையின் நிழல் துணிமேல் விழுகிறது. அப்பாவிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்காமல் பாயில் இறங்கி உட்கார்ந்து, துண்டுகளை நிறவாரியாகப் பிரித்துப் பார்த்தார். நான்கு தவறு. உயரம் குறைந்தால் தவறு குறைகிறது என்று மகிழ்ச்சியோடு எழுதினேன். அவர் பார்த்ததே பத்துத் துண்டுகள்தான் என்பதை எழுதவில்லை.

ஞாயிறு காலை அப்பா பண்டலை வாசலுக்குக் கொண்டுவந்தார். சூரியனைவிட நல்ல விளக்கு யார் கடையிலும் இல்லை அல்லவா? இதுதான் சரியான சோதனை என்று நான் என் இரண்டு துண்டுகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஓடினேன். ஒன்றை எடுத்து நீட்டினேன்.

“இது என்ன கலருங்கப்பா?”

அப்பா துண்டைப் பார்த்தார். பிறகு, கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார். “அம்மிணி...” என்று என்னைப் பார்த்து ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

அம்மா ஈரக்கையோடு வந்து துண்டை என்னிடமிருந்து பிடுங்கினாள். “வெயிலு கண்ணைக் கூசுது. இதுல ஆருக்கு என்ன தெரியும்? உள்ள போயிப் படி, போ.” நான் நிலைப்படியிலேயே நின்றுகொண்டேன். அப்பாவிடம் அவள் குரல் இறங்கியிருந்தது. “ஏனுங்க, அந்தப் புது லைட்டை நா சரிபாக்கற மேசைக்கு மேல எறக்கிக் கட்டச் சொல்லுங்க. நா பிரிச்சுக் கட்டித் தாரேன். நீங்க தைக்கற வேலையை மட்டும் பாருங்க.”

மாலையில் மாமா வந்து, மேசைக்கு மேலே இரண்டரை அடி உயரத்தில் விளக்கை ஒயரில் தொங்கவிட்டார். அதன் கீழே உட்கார்ந்து அம்மா உடலையும் பட்டியையும் சேர்த்துச் சேர்த்து வெட்டுத்துணியால் கட்டினாள். காப்பி நிறக் கட்டுக்கு ஒரு முடிச்சு, பச்சைக்கு இரண்டு. அப்பா முடிச்சைத் தொட்டுப் பார்த்து, அதே முடிச்சை அம்மா போட்டு வைத்திருந்த நூலை மாற்றிவிட்டுத் தைத்தார். எல்லாம் முடிந்தபோது அம்மா ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். “சி.எஃப்.எல். உயரம் இரண்டரை அடி. தவறு 0.”

திங்கட்கிழமை சூப்பர்வைசர் பனியன்களை வாசல் வெளிச்சத்தில் அரைமணி நேரம் புரட்டினார். பிறகு டீ குடித்தார். “அப்பிடி என்னங்க லைட்டு போட்டீங்க?” என்று கேட்டதற்கு அம்மா மேசைக்கு மேலே கையைக் காட்டினாள். அடுத்த சில வாரங்களில் எங்கள் தெருவில் இன்னும் மூன்று வீடுகளில் விளக்கு கீழே இறங்கியது. மாமா அதைத் தன் கண்டுபிடிப்பாகவே சொல்லிக்கொண்டார். எனக்கு அதில் வருத்தம்தான், ஏனென்றால் கண்டுபிடித்தது நான். “விளக்கின் உயரமே முக்கியம்” என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி: “அம்மா முடிச்சு எதற்குப் போடுகிறாள்? கேட்க வேண்டும்.” கேட்கவில்லை.

சென்ற மாதம், ஒன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகன் ஒரு மரம் வரைந்து, இலைகளுக்கெல்லாம் பழுப்பும் தண்டுக்குப் பச்சையும் பூசிக் கொண்டுவந்தான். நான் முதல் வேலையாக அவன் மேசை விளக்கை மாற்றினேன். இரண்டு வாரம் கழித்துத்தான் கண் மருத்துவரிடம் போனோம். அவர் புள்ளிகளால் ஆன எண்களை அவனைப் படிக்கச் சொன்னார். பிறகு என்னிடம், “உங்க அப்பாவுக்கு இப்படி இருக்குதுங்களா?” என்று கேட்டார். பச்சையையும் பழுப்பையும் பிரித்தறிய முடியாத இந்தக் குறை தாத்தாவிடமிருந்து மகள் வழியாகப் பேரனுக்கு வருவதுண்டாம்.

வீட்டுக்கு வந்து குறிப்பேட்டைத் தேடி எடுத்துவிட்டு, அம்மாவுக்குப் போன் செய்தேன். வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். கேட்க வேண்டியதைக் கேட்டேன். அவளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த அப்பாவின் மெஷின் ஒரு நொடி நின்றது.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு” என்றாள் அம்மா. “அந்த ஊட்டுல வெளிச்சம் பத்தாது. அவ்வளவுதான்.”

மெஷின் மறுபடி ஓடியது. மடியில் குறிப்பேடு திறந்திருந்தது. விளக்கு, உயரம், தவறு என்று மூன்று கட்டங்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறேன். பார்த்தவர் யார் என்று ஒரு கட்டம் போட எனக்குத் தோன்றவே இல்லை.