துரையின் குடை

வத்தேகம ஸ்டேஷனில் கண்டி ரயிலைத் தவறவிட்டு நிற்கிறேன். தண்டவாளத்தைப் பார்வையிட வந்த துரை இங்கேயே தங்கிவிட்டதால், நான்கு சக்கரத்தின் மேல் ஒரு பெஞ்சை வைத்த அவருடைய ட்ரொலி கண்டிக்கு வெறுமையாகத் திரும்புகிறது.

"ஏறிக்குங்கய்யா," என்கிறார் அதைத் தள்ளும் மாரிமுத்து. "ஆனா குடைய மட்டும் மடக்கிறாதீங்க."

வெயிலும் இல்லை, மழையும் இல்லை. இருந்தாலும் துரையின் பெரிய வெள்ளைக் குடையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறேன். மாரிமுத்துவும் இன்னொருவரும் ஆளுக்கொரு தண்டவாளத்தின் மேல் வெறுங்காலில் ஓடித் தள்ளுகிறார்கள். இறக்கம் வந்ததும் இருவரும் பின்னால் தாவி ஏறிக்கொள்ள, ட்ரொலி தானாகவே கடகடவென்று பறக்கிறது. எனக்குச் சிரிப்பு வருகிறது.

வளைவில் சரளை கொட்டும் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். குடையைக் கண்டதுமே வெற்றிலையைத் துப்பிவிட்டு மண்வெட்டியைத் தூக்குகிறார்கள். அவர்களுடைய கங்காணி தோள் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து சலாம் போடுகிறார். குடைக்குள் முகத்தை மறைத்தபடி நானும் துரை மாதிரி தலையசைக்கிறேன்.

வளைவைத் தாண்டியதும் மாரிமுத்து விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

"யார் அவர்?"

"என் மச்சான்ங்க. கங்காணி ஆனதிலேருந்து ட்ரொலி தள்றவனோட பேச மாட்டாராம். இன்னைக்கு என் ட்ரொலிக்கே கும்பிடு போட்டுட்டாரு. நீங்க இனி குடைய மடக்கிக்கலாம்ங்கய்யா."