நைனாவின் தள்ளாட்டம்

செல்போனில் குனிந்தே கிடந்ததில் கழுத்துவலி. மந்தைவெளி பிசியோதெரபி அக்கா என் மண்டைக்குக் கீழே இரண்டு விரலால் அழுத்தினார்.

"தலைய நேரா புடிச்சிருக்கிறது இந்தக் குட்டித் தசைங்கதான் தம்பி. நாள்பூரா குனிஞ்சே இருந்தா மூளைக்குத் தப்பா சேதி சொல்லும். எழுந்து நடந்தா தள்ளாடும்."

"போங்கக்கா, சரக்கடிச்சாதான் தள்ளாடும்" என்று சிரித்தேன். நைனா ஞாபகம் வந்து சிரிப்பு பாதியில் நின்றது.

அப்போது எனக்கு எட்டு வயசு. நைனா பிளவுஸ் தைக்கிற டெய்லர். தீபாவளி நெருங்கினால் காலையிலிருந்து மெஷின்மேல் கவிழ்ந்தே கிடப்பார். சாயங்காலம் சந்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து வீட்டுக்கு வருவார். அம்மா கதவைப் பாதி திறந்து, அவர் கால் வைக்கிற இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஒருநாள் என்னை அவர் பக்கம் தள்ளிவிட்டாள். "டேய், கிட்ட போய் மோந்து பாரு."

நைனாவைக் கட்டிக்கொண்டு மோந்தேன். மெஷின் எண்ணெய் வாடையும் புதுத்துணிக் கஞ்சி வாடையும்தான் அடித்தது. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் குறும்பு பொத்துக்கொண்டு வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"யம்மா, இன்னா நாத்தம்!"

"டேய், சோடாகூட குடிக்கலடா!" என்றார் நைனா.

அம்மா நம்பவில்லை. அந்தத் தீபாவளிக்கு அவரோடு பேசவே இல்லை. அதற்கப்புறம் தினமும் நைனா வாசலில் நின்று, அம்மா முகத்துக்கு நேரே வாயை ஊதிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

கிளினிக்கை விட்டு வெளியே வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"யம்மா, நைனா அன்னிக்குக் குடிக்கவே இல்ல. நான்தான் பொய் சொன்னேன். அவருக்குக் கழுத்துதான் கெட்டுப்போயிருக்கு."



"எங்கடா கீற நீ? குடிச்சிருக்கியா?"