வீரபாண்டி வரை நானே ஓட்டினேன்

போலியோவால் எனக்கு இரண்டு கால்களும் வராது. கையாலேயே பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் இயக்கும்படி மாற்றிய காரை, ஒர்க்ஷாப்காரர் தேனி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். சாலை வரி விலக்குத் தருவதற்கு முன் வண்டியைச் சோதிப்பார்களாம்.

ஆய்வாளர் என் கணவரைப் பார்த்து, "வண்டிய எடுங்க," என்றார்.

"எனக்கு பைக் மட்டுந்தான் சார் தெரியும். கார் இவளோடது, லைசென்சும் இவகிட்டதான் இருக்கு. இவதான் ஓட்டுவா."

பரபரப்பில் நான் ஊன்றுகோலோடு போய், பழக்கதோஷத்தில் இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டேன்.

"அங்கன இல்லம்மா," என்று ஆய்வாளர் சிரித்தார். "வரி விலக்கு ஓட்டுறவுகளுக்குத்தான். இந்தப் பக்கம் வாங்க."

வலப்பக்கம் ஏறினேன். கைப்பிடியை அழுத்தியதும் வண்டி சொன்னபடி கேட்டது. மைதானத்தைச் சுற்றி வந்து, கோட்டுக்குள் நிறுத்தினேன்.

"வரி கிடையாது, கிளம்புங்க," என்றார்.

நேரே வீரபாண்டி கௌமாரியம்மனிடம் போக முடிவெடுத்தோம். என் வாழ்நாளெல்லாம் யாராவது என்னை ஏற்றிக்கொண்டுதான் போயிருக்கிறார்கள். பைக்கில் பின்னால் உட்காரும்போதெல்லாம் கணவர் என்னிடம் சொல்வதை, இன்று சாவியைத் திருகியபடி நான் அவரிடம் சொன்னேன்.

"கெட்டியாப் பிடிச்சுக்கங்க."

கோயில் வாசல் வரும்வரை அவர் கதவுப் பிடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை.