இடது பெட்டியில் என்ன கோளாறு

பேத்துப்பாறையில் ஒரு தங்கும் விடுதியில் பாண்டிச்செல்வி பதினோரு வருசமாகச் சமையல் வேலை பார்க்கிறாள். அந்த விடுதிக் கூடத்தில் பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்றும் மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டும் இருந்தன. வருகிறவர்கள் எல்லாம் கையோடு ப்ளூடூத் ஸ்பீக்கர் கொண்டுவந்துவிடுகிறார்கள் என்று முதலாளி போன மழைக்காலத்தில் அதை ஒதுக்கிவிட்டார். அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். கேரட் ஏற்றப் போன வண்டியில் சாக்கு சுற்றி வில்பட்டியில் அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

ஈரத்தில் வயர் முனையெல்லாம் பச்சை பூத்திருந்தது. செம்பு மினுங்கும்வரை பிளேடால் சுரண்டி, சிவப்பைச் சிவப்பிலும் கறுப்பைக் கறுப்பிலும் முறுக்கினாள். செல்போனை முதலில் ப்ளூடூத்திலும் பிறகு வயரிலும் இணைத்துக் கேட்டாள். வயரில் நாகசுரக்காரர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. பெட்டி சுவரோடு ஒட்டியிருந்தபோது தவில் கும்மென்று அடைத்தது. இரண்டு சாண் முன்னே இழுத்ததும் தெளிந்தது. இடப்பக்கம் நாகசுரம், வலப்பக்கம் தவில், நடுவில் தாளம். அன்றைக்கு உலை வைக்கவே நேரமாகிவிட்டது.

அவள் புருசன் முத்துராஜுக்குத் திருப்தியில்லை.

“இடது பெட்டி செத்துக் கெடக்கு செல்வி.”

“எனக்கு நல்லாத்தான கேக்குது?”

இருந்தாலும் பெட்டிகளை இடம் மாற்றி வைத்தாள். பழுது பெட்டியில் என்றால் அது வலப்பக்கம் போக வேண்டும்.

“இப்பவும் இடதுதான்” என்றார்.

ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் வயர்களை இடம் வலமாக மாற்றிப் பூட்டினாள். “இடதுதான். வேற சோலி இருந்தாப் பாரு” என்றார்.

அவள் வயரை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். பிறகு, “என்னங்க, பெட்டிக்கு முதுகக் காட்டி அந்தச் சுவரப் பாத்துத் திரும்பி உக்காருங்க” என்றாள்.

முனகிக்கொண்டே திரும்பினார். “ஏ, செத்த பெட்டி எந்திரிச்சிருச்சு! இப்ப இங்கிட்டு உள்ளதுதான் செத்து...” கை தன் இடப்பக்கமே நீண்டது.

பாட்டை அவள் நிறுத்தினாள்.

இருபது வருசமாகப் பூண்டுக் காட்டில் தடதடக்கும் பவர் டில்லரைப் பிடித்து உழுகிறவர். இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் கொஞ்ச காலமாகப் பதிலே வராது. அதை வீம்பு என்று நினைத்து அவளும் நாள்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறாள்.

“வெள்ளனே கிளம்பணும். திண்டுக்கல்ல காது டாக்டரப் பாப்போம்.”

“எனக்கென்ன காது செவிடா?” என்று கத்தினார். ஆனால் விடியும்போது சட்டை மாட்டி அவளுக்கு முன்னால் வாசலில் நின்றார்.

இடது காது நரம்பு இனித் திரும்பாது, வலதிலும் குறை ஆரம்பித்துவிட்டது, டில்லர் ஓட்டும்போது காதை மூடாமல் இருக்கக்கூடாது என்றார் டாக்டர். எழுதிக்கொடுத்த காதுக் கருவியை முத்துராஜ் இரண்டு வாரம் பீரோவிலேயே வைத்திருந்தார். அப்புறம் போட ஆரம்பித்தார்.

ஆம்ப்ளிஃபையரில் ‘மோனோ’ என்று ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் இரண்டு பெட்டியிலும் ஒரே சத்தம் வரும். அவருக்கு எதுவும் விட்டுப்போகாது. அவள் ஆசைப்பட்ட அந்த இடப்பக்க, வலப்பக்க வித்தியாசம் மட்டும் போய்விடும். அவர் வீட்டில் இருந்தால் அழுத்துவாள், காட்டுக்குப் போனதும் எடுத்துவிடுவாள்.

ஒருநாள் பாதி வேலையில் திரும்பியவர் அதைப் பார்த்துவிட்டார். அவள் அவசரமாகப் பட்டனை அழுத்தப் போனாள்.

“இருக்கட்டும், நீ கேளு” என்று சொல்லி, அவளுக்கு வலப்பக்கம் இருந்த நாற்காலியைத் தூக்கி இடப்பக்கம் போட்டுக்கொண்டார். நல்ல காது அவள் பக்கம் இருந்தது. “இடது பெட்டில எப்ப என்ன வாசிக்கான்னு சொல்லிக்கிட்டே வா.”