கரையைக் கட்ட வராதவர்கள்

எங்கள் கண்மாய்க் கரையின் நடுவில் ஓர் எல்லைக்கல் நிற்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். கல்லுக்கு மேற்கே ஓர் ஊராட்சி ஒன்றியம், கிழக்கே இன்னொன்று. யாரோ ஒரு மகராசன் மேஜையில் வரைபடத்தை விரித்துவைத்துக் கோடு கிழித்திருக்கிறார். கோடு போகிற வழியில் தண்ணீர் கிடக்கிறதா, மனுசர் இருக்கிறார்களா என்று கேட்க அவருக்கு நேரம் இருந்திருக்காது.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையில் கிடக்கிற வறண்ட காடு எங்களுடையது. எனக்கு வீடு மேற்கு ஒன்றியத்தில், நிலம் கிழக்கு ஒன்றியத்தில். வீட்டு வரி கட்ட ஒரு பஸ், நிலத்துக்கு ஒரு சான்று வாங்க வேறொரு பஸ். எந்த ஆபீஸுக்குப் போனாலும் முதலில் கேட்பது, "நீங்க எந்தப் பக்கம்?" என்றுதான். ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் மட்டும் ஒருநாளும் வழி தவறியதில்லை.

போன ஐப்பசியில் கண்மாய் பெருகியது. அது எங்களுக்கு எப்போதாவது வாய்க்கிற சந்தோஷம். என் அக்கா, கணவர் போனபிறகு தனியாளாக விவசாயம் பார்க்கிறவள், கரைக்கு நேர் கீழே நெல் நட்டிருந்தாள். ஒருநாள் காலையில் மடைக்காரர் ஓடிவந்தார். மடையைத் திறந்து மூடுவது அவர் பொறுப்பு. எனக்குச் சித்தப்பா முறை. கரை கசிகிறது என்றார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கசிவு உடைப்பாகிவிட்டது.

சித்தப்பா மேற்கு ஒன்றியத்துக்குப் போன் போட்டார்.

"கல்லுக்கிட்ட கரை ஒடைஞ்சிருச்சு சார். மூட்டையும் மண்ணு லோடும் வேணும்."

"எந்தக் கல்லு?"

"எல்லைக் கல்லுதான் சார்."

கரையில் எந்த இடத்தையும் நாங்கள் அந்தக் கல்லை வைத்துத்தான் சொல்வோம். மாடு மேய்வது கல்லுக்கு மேற்கே, மீன் கிடைப்பது கல்லுக்குக் கிழக்கே. பழக்கதோஷத்தில் அடையாளம் சொல்லிவிட்டார் மனிதர். எதிர்முனைக்கு அதுவே போதுமாக இருந்தது.

"எல்லையா? அப்ப அந்த ஒன்றியத்துல கேளுங்க."

அந்த ஒன்றியத்தில் கேட்டோம். அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள். தண்ணீர் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, இவர்கள் அளக்கப் போகிறார்களாம்!

மதியம் கிழக்கிலிருந்து ஒருவர் ஜீப்பில் வந்தார். பேண்ட்டில் சேறு படாத தூரத்தில் நின்று எட்டிப் பார்த்தார். "இது மேக்கால இருக்கு. எங்களுக்கு வராது" என்றார்.

அக்கா முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். "சாமி, கரை வராட்டியும் என் வயலு ஒங்களுக்கு வரும்ல? அது முங்குது பாருங்க."

"வயலு வேற, கரை வேறம்மா" என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஜீப்பையே உடைப்பில் தள்ளியிருப்பேன்.

கண்மாய் உடைந்தால் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கோயில் மணியை விடாமல் அடிப்பார்கள். அடைத்து முடிக்கும்வரை எந்த வீட்டிலும் அடுப்பு எரியாது. வீட்டுக்கு ஓர் ஆள், ஒரு கட்டுக் கருவேல முள். அன்றும் இரண்டு பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்தார்கள். நீ எந்த ஒன்றியம் என்று ஒருவரும் கேட்கவில்லை. முள்ளைத் திணித்து, உரச்சாக்கில் மண்ணை நிரப்பி அடுக்கினோம். பொழுது சாயும் நேரத்தில் தண்ணீர் நின்றது. அதற்குள் கண்மாயில் பாதி போய்விட்டது. அக்காவின் வயலில் ஒரு மூலை மட்டும் பச்சையாகத் தெரிந்தது. எல்லைக்கல்லையும் வெள்ளம் கொண்டுபோயிருந்தது.

கல் போன சேதி எப்படித்தான் போனதோ தெரியவில்லை. அடுத்த வாரமே இரண்டு ஒன்றியத்திலிருந்தும் ஜீப்புகள் வந்தன. கூடவே சர்வேயர், சங்கிலி, புதுக்கல், சிமெண்ட். அளந்து பார்த்து, நாங்கள் அடைத்த இடத்துக்கு நேர் மேலேயே குழி தோண்டச் சொன்னார்கள். உடைப்பன்று கூப்பிடக் கூப்பிட வராத இரண்டு ஆபீஸும் அன்றைக்கு ஒரே குடையின் கீழ் நின்று டீ குடித்தன.

மூட்டையைக் கிழித்துவிடுவார்களே என்று அக்கா ஓடிவந்தாள். குழைத்து வைத்திருந்த சிமெண்டைப் பார்த்தாள்.

"அய்யா, இதுல கொஞ்சத்த ஒடைஞ்ச எடத்துலயும் பூசி விடுங்களேன்."

"அதுக்கு எங்களுக்கு உத்தரவு இல்லம்மா."

நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். கேட்டுக்கொண்டே வேலையை முடித்துவிட்டுப் போனார்கள்.

புதுக்கல் இன்றைக்கும் அசையாமல் நிற்கிறது. அதன் காலடியில் எங்கள் சாக்குகள் மக்கிப் பிரிந்து மண் உதிர்கிறது. இந்த ஐப்பசிக்கும் அக்கா அதற்கு நேர் கீழேதான் நட்டிருக்கிறாள்.