காலியாக விட்ட கட்டம்

மயிலாப்பூரில் ஒரு வங்கிக் கிளையில் காசோலைகளின் கையெழுத்தைச் சரிபார்ப்பது என் வேலை. எதையும் நிரப்பாமல் கையெழுத்தை மட்டும் போட்டுக்கொண்டு வருகிறவர்களிடம் ரொம்பக் கறாராக இருப்பேன். வயதானவர்கள்கூட என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் செய்ததைக் கேட்டால் கிளையே சிரிக்கும்.

சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலால் என் இதயத்தில் ஒரு வால்வு குறுகிவிட்டது. கல்யாணமாகி ஏழு வருடம் குழந்தை இல்லை. கருத்தரிப்பு சிகிச்சை என்று முடிவானதும், அடையாறில் என்னைப் பார்க்கும் இதய மருத்துவர் எங்கள் இருவரையும் எதிரே உட்காரவைத்துப் பேசினார். “ஒரு குழந்தைன்னா ஜாக்கிரதையா கொண்டுபோயிடலாம். ரெட்டைன்னா உங்க உயிருக்கு நான் உத்தரவாதம் தர முடியாது.” அதையே கடிதமாகவும் எழுதிக் கொடுத்தார். தி.நகர் மருத்துவமனையில் டாக்டரம்மாவிடம் அந்தக் கடிதத்தை நானே கொடுத்தேன். படித்துவிட்டு, ஒரே ஒரு கருதான் வைப்போம் என்றார். பக்கத்தில் என் கணவரும் தலையாட்டினார்.

கரு வைக்கும் அன்று காலையில் வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். நர்ஸ் படிவங்களை நீட்டியபோது சிறுநீரை அடக்க முடியாமல் எனக்கு எப்போது முடியும் என்று இருந்தது. கையெழுத்து போட வேண்டிய இடங்களில் பென்சிலால் டிக் அடித்திருந்தது. எத்தனை கரு என்ற கட்டம் மட்டும் காலி. கேட்டதற்கு, லேபில் பார்த்துவிட்டு நிரப்புவார்கள் என்றாள். டிக் இருந்த இடத்திலெல்லாம் போட்டுத் தள்ளி, அவருடைய கையெழுத்துக்காகக் கணவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

சில வாரம் கழித்து ஸ்கேனில் இரண்டு துடிப்பு தெரிந்தது. வைத்த ஒன்றே இரண்டாகப் பிரிந்துவிட்டதோ என்று பயந்துபோய்க் கணவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது. ஆச்சரியம் இல்லை.

ஃபைலைக் கேட்டு வாங்கினேன். அந்தக் கட்டத்தில் 2. அடியில் சுழித்து வாலை மேலே தூக்கி எழுதிய இரண்டு. எங்கள் வீட்டுப் பால் சீட்டில் கணவர் தினமும் எழுதுகிற இரண்டு.

“உங்க கையெழுத்தும் இருக்கேம்மா,” என்றார் டாக்டரம்மா. “ரெண்டு வச்சா ஒண்ணாவது நிக்கும்னு சார் கேட்டார்.”

இதய மருத்துவரின் கடிதம் அதே ஃபைலில், இரண்டு தாள் தள்ளி இருந்தது. அதை எடுத்து டாக்டரம்மா முன்னால் வைத்தேன். அவர் அடுத்த பேஷன்ட்டைக் கூப்பிட மணியடித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மணியைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும்.

ஆட்டோவில் வரும்போது கணவர் மெதுவாகச் சொன்னார்: “உனக்காகத்தான் பண்ணேன். இன்னொரு தடவை இந்த ஊசியெல்லாம் நீ தாங்க மாட்டே.”

கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அது அவருக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. என் உயிரை வைத்து இரண்டு பேர் முடிவெடுத்தபோது நான் அடுத்த அறையில், நல்ல இடத்துக்கு வந்திருக்கிறோம் என்று நம்பிப் படுத்திருந்தேன்.

ஒரு கருவின் துடிப்பை நிறுத்தினால்தான் நானும் மற்றொன்றும் பிழைக்க வழி உண்டு என்று இதய மருத்துவர் சொன்னார். வேறு மருத்துவமனைக்குப் போனோம். அங்கேயும் ஒரு படிவம், பென்சில் டிக், எத்தனை கருவின் துடிப்பை நிறுத்த வேண்டும் என்று ஒரு காலிக் கட்டம். கையெழுத்து போடுங்கள், நாங்கள் நிரப்பிக்கொள்கிறோம் என்றாள் நர்ஸ்.

நாற்காலியை இழுத்துப்போட்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அந்தக் கட்டத்தில் 1 என்று எழுதினேன். காசோலையில் எழுதுவதுபோல் பக்கத்திலேயே எழுத்தாலும் எழுதினேன்: ஒன்று மட்டும். கீழே கையெழுத்து போட்டேன். அந்தப் பிள்ளை என்ன தப்பு செய்தது?

கணவர் பேனாவுக்காகக் கையை நீட்டினார்.

“இதுக்கு என் கையெழுத்து மட்டும் போதும்,” என்று சொல்லிப் பேனாவை மூடினேன்.