எத்திராஜுக்குக் கம்பெனி கொடுத்த அண்டா

மேனாம்பேட்டு எத்திராஜைப் பற்றி எழுத வேண்டுமானால் அவர் வீட்டுப் பரணிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த மனிதரைவிட அவர் வீட்டுப் பரண் யோக்கியமாகப் பேசும்.

பரணில் எவர்சில்வர் பாத்திரங்கள் வரிசையாக இருக்கும். ஒன்றில்கூட ஒரு பருக்கை சோறு பட்டது கிடையாது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கம்பெனி கொடுத்தது, கம்பெனியின் பெயரும் வருஷமும் புள்ளிப் புள்ளியாக வெட்டியது. அந்தக் கம்பெனிக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. அம்பத்தூரில் எங்கள் பக்கத்தில் யாரும் அதை முழுதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. கம்பெனி என்றால் கம்பெனி, அவ்வளவுதான். 'சிட்டு' என்று ஒரு மொபெட் செய்தார்கள். பெடல் வைத்த வண்டி. ஏற்றத்தில் ஆள் மிதிக்க வேண்டும், இறக்கத்தில் அதுவாகவே ஓடும். அப்படியானால் இன்ஜின் எதற்கு என்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

எத்திராஜின் அப்பா நெல் விளைத்த பூமியின் மேல்தான் தொழிற்சாலைகள் நிறைந்த எஸ்டேட்டே எழும்பியது. மகன் ஐ.டி.ஐ. படித்துவிட்டு அதே எஸ்டேட்டில் ஒரு ஷெட் பிடித்து, சிட்டு வண்டிக்கு சைடு ஸ்டாண்டு செய்து கொடுக்க ஆரம்பித்தார். ஒரு இரும்பு ராடை வளைக்க வேண்டும், அடியில் ஒரு பாதத்தை வெல்டிங் வைக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷம் அதையேதான் செய்தார். பிரம்மாகூட ஒரே உருவத்தை அத்தனை தடவை செய்து அலுக்காமல் இருந்திருக்க மாட்டார். அந்த ஸ்டாண்டின் வளைவு உலகத்தில் வேறு எந்த வண்டிக்கும் பொருந்தாது. அது எத்திராஜுக்குப் பெருமை.

ஊரே அப்படித்தான் இருந்தது. டீக்கடையில் ஷிப்டு விடும்போது மட்டும்தான் பால் கொதிக்கும். நடுவில் போய்க் கேட்டால் ஏதோ அகாலத்தில் கதவு தட்டியதுபோலப் பார்ப்பார்கள். தையல்கார நாகப்பன் இருபது வருஷமாகக் கம்பெனிக் காக்கியைத் தவிர வேறு துணி வெட்டியதில்லை. தன் மகள் முகூர்த்தத்துக்குத் தைத்த ரவிக்கையில் கைப்பழக்கத்தில் மார்பில் ஒரு பையும் பேனா சொருக ஓர் ஓட்டையும் வைத்துவிட்டார். அந்தப் பெண் அந்தப் பையில் வெற்றிலை வைத்துக்கொண்டு மணையில் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். நம்பாதவர்கள் நாகப்பனைக் கேட்டுக்கொள்ளலாம்.

தொண்ணூறு வாக்கில் வேறு ஊர்களிலிருந்து பெடல் இல்லாத வண்டிகள் வரத் தொடங்கின. பட்டனைத் தட்டினால் கிளம்பும். எங்கள் தெருப் பெண்கள்கூட அதில் பறந்தார்கள். கம்பெனி என்ன செய்தது? சிட்டு வண்டிக்கு ஒரு புது ஸ்டிக்கர் ஒட்டியது. எத்திராஜ் அந்த ஸ்டிக்கரைக் கொண்டுவந்து வீட்டுக் கதவில் ஒட்டினார்.

அவர் மனைவி கஸ்தூரிக்குக் கண் இருந்தது. ஷெட்டில் செய்து முடித்த ஸ்டாண்டுகள் எடுக்க ஆளில்லாமல் குவிவதை அவள் பார்த்தாள். ஆறு ஆட்களில் நான்கு பேர் நின்றுவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் வெல்டர் துலுக்கானமும் ஆவடியில் வேறு இடம் தேடிக்கொண்டிருந்தான். அவனும் போனால் ஷெட்டுக்குப் பூட்டுதான். அந்தச் சமயத்தில்தான் பூந்தமல்லி பக்தவத்சலத்திடமிருந்து ஆள் வந்தது. பக்தவத்சலம் ரைஸ் மில் வைத்திருந்தவர். நெல் அவித்த களத்திலேயே இப்போது இன்ஜினீயர் அவிக்கலாம் என்று ஒரு காலேஜ் ஆரம்பித்துவிட்டார். பிள்ளைகள் உட்கார பெஞ்சு இல்லை. பெஞ்சுக்கு இரும்புக் கால் வேண்டும். ராடு வளைக்கத் தெரிந்த ஷெட் எது என்று விசாரித்து அனுப்பியிருந்தார். விஜயதசமி அன்று காலையில் நல்ல நேரத்துக்குள் வந்தால் ஆர்டர் இவர்களுக்கு, இல்லையென்றால் பாடியில் இன்னொரு ஷெட்டுக்கு.

"சிட்டு வண்டிக்கு ஸ்டாண்டு பண்ற கையால பெஞ்சுக்குக் காலு பண்ணணுமா?" என்றார் எத்திராஜ். "கம்பெனில தெரிஞ்சா இன்னா நெனைப்பாங்கோ?"

கஸ்தூரி பரணில் ஏறி அத்தனை பாத்திரத்தையும் இறக்கினாள். பள்ளிக்கூட டீச்சரான எனக்கும் ஆள் அனுப்பினாள், சாட்சிக்கு. நான் போனபோது எத்திராஜும் துலுக்கானமும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் வருஷவாரியாக வைத்துக்கொண்டு வந்தாள். எண்பத்திரண்டில் குடம். அந்தக் குடத்துக்குள் எத்திராஜும் அவர் மாமனாரும் எதிரெதிரே உட்கார்ந்து தாயம் ஆடலாம். எண்பத்தி நான்கில் தூக்குவாளி. அடுத்து சம்புடம். அதற்கடுத்து கிண்ணம், டம்ளர். தொண்ணூற்றொன்றில் டவரா, டம்ளர் இல்லாமல். தொண்ணூற்றிரண்டில் ஒரு ஸ்பூன். ஸ்பூன் காம்பில் கம்பெனியின் பெயருக்கு இடம் பற்றாமல் முதல் இரண்டு எழுத்தோடு நின்றுபோயிருந்தது.

"இன்னாய்யா தெரியுது?" என்றாள் கஸ்தூரி.

"கொலு கணக்கா கீது."

"கண்ணைத் தொறந்து பாருய்யா. வருஷா வருஷம் சின்னதாயிகினே போவுது. அவங்க கையில இல்ல. இருந்தா குடுக்க மாட்டாங்களா?"

எத்திராஜ் சிரித்தார். விவரம் தெரியாதவர்களிடம் விவரம் தெரிந்தவர் சிரிக்கும் சிரிப்பு. "தூக்குவாளி கைல எடுத்துனு போக வசதி. டம்ளர் அல்லாருக்கும் தேவைப்படும். ஸ்பூன்னா நாகரிகம்மே. பெரிய எடத்துல அல்லாரும் ஸ்பூன்லதான் துன்றான். இன்னா டீச்சர், நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

"டம்ளர் இல்லாத டவரா என்ன நாகரிகம் எத்திராஜு?" என்று கேட்டேன்.

"அது... டம்ளர்தான் முன்னாடியே குட்த்துட்டாங்களே டீச்சர்!"

இப்படிப்பட்டவரிடம் என்ன பேசுவது? கஸ்தூரி கடைசியில் பந்தயத்துக்கு வந்தாள். "சரி. நாளைக்கு ஆயுத பூஜை. கம்பெனில இன்னா குடுக்கிறாங்கோ பாக்கலாம். இந்த ஸ்பூனைவிடப் பெரிசா வந்தா பெஞ்சைப் பத்தி நான் ஒன்கிட்ட வாயே தொறக்கல. சின்னதா வந்தா பூந்தமல்லிக்கு நீ வரணும்."

"ஸ்பூனைவிடச் சின்னது இன்னாண்ணி கீது?" என்றான் துலுக்கானம். "காது கொடையறதா?"

"ஒண்ணுமே குடுக்கலைன்னாலும் சின்னதுதான்டா."

எத்திராஜ் அவள் கையில் ஓங்கி அடித்துச் சத்தியம் செய்தார். இந்த வருஷம் குத்துவிளக்கு என்று கேள்விப்பட்டதாக வேறு சொன்னார். யாரிடம் கேள்விப்பட்டார் என்று கேட்டால், ஊரெல்லாம் பேச்சு என்றார். அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது அவரேதான் என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை ஷெட்டைக் கழுவி, மிஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, வாசலில் பூசணிக்காயோடு காத்திருந்தோம். எத்திராஜ் வெள்ளை வேட்டியில் கம்பெனிக்குப் போயிருந்தார். பதினோரு மணிக்குத் தெரு முனையில் சத்தம் கேட்டது. மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று வருகிறது. வண்டியின் மேல் ஓர் அண்டா. அண்டாவுக்குச் சாமந்தி மாலை. பக்கத்தில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தேரில் இருக்கிற சாமி ஜனங்களைப் பார்ப்பதுபோல எத்திராஜ். அண்டாவின் பெரும் உருவத்தைப் பார்த்து, குறுக்கே படுத்திருந்த எருமைகள் எழுந்து வழிவிட்டன. அந்த எருமைகள் முதலமைச்சர் காருக்கே எழுந்திராதவை.

"ஸ்பூனைவிடப் பெரிசா, சின்னதா?" என்று வண்டி மேலிருந்தே கத்தினார். "வாயத் தொறக்காத! பந்தயம் பந்தயம்தான்!"

தெருவே கூடிவிட்டது. அண்டா கொடுக்கிற கம்பெனி நொடித்துப்போகுமா? நாகப்பன் தீபாவளிக்கு வாங்கி வைத்திருந்த சரத்தைக் கொளுத்தினார். மத்தியானத்துக்குள் புது மாடல் வருகிறது என்றார்கள். சாயங்காலத்துக்குள் ஜப்பான்காரன் கூட்டு சேர்ந்துவிட்டான் என்றார்கள். சப்பை மூக்காக ஒருவரை கேட்டில் பார்த்ததாகச் சொல்லவும் இரண்டு பேர் இருந்தார்கள். விசாரித்தால் அது அண்ணனூரிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன்.

கஸ்தூரி மட்டும் அண்டாவை இறக்கிக் கவிழ்த்துப் புளி போட்டுத் தேய்த்தாள். கரி கரியாக வந்தது. கரிக்கடியில் பக்கவாட்டில் புள்ளி எழுத்து வந்தது: 'கேன்டீன் - சாம்பார் - 3'.

எழுத்துக் கூட்டத் தெரியாதவள் என்னைப் பார்த்தாள். நான் வாசித்துச் சொன்னேன்.

"இன்னாய்யா இது, கேன்டீன் அண்டாவா?" என்றாள். பெஞ்சைப் பற்றித்தானே பேசக் கூடாது, அண்டாவைப் பற்றிப் பேசலாமே. "இதை ஒனக்குத் தூக்கிக் குட்த்துட்டா நாளைக்கு அத்தினி பேருக்கும் சாம்பார் எதுல வெப்பாங்க?"

"புதுசு வாங்குவாங்க."

"மத்தவங்களுக்கு இன்னா குட்த்தாங்க?"

எத்திராஜ் உற்சாகமாகச் சொன்னார். "ராஜசேகரனுக்கு இட்லிப் பானை. திருவேங்கடத்துக்கு நீளக் கரண்டி, ரெண்டு. செயின் கவர் பண்றாரே வீரராகவன், அவருக்குச் சாப்பிடற மேஜை. ஒருத்தருக்கு மாவாட்ற கிரைண்டரே குட்த்துட்டாங்க! இந்த வருஷம் அள்ளி அள்ளிக் குடுக்கிறாங்கோ. பர்ச்சேஸ் ஆபீசரு என் கையப் புடிச்சிகினு அழுதுட்டாரு, தெரியுமா? அவ்ளோ பாசம்."

அங்கே நின்ற எல்லோருக்கும் விளங்கிவிட்டது. துலுக்கானம் தலையைக் குனிந்துகொண்டான். நாகப்பன் வெடிக்காமல் கிடந்த நாலு வெடியைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டிருந்த ஒவ்வொருவருக்கும் முகம் விழுந்தது. சொன்னவருக்கு மட்டும் விழவில்லை. கேன்டீனைக் காலி செய்து பாத்திரத்தைப் பங்கு பிரிக்கிறார்கள் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷம் சரக்கு கொடுத்தவருக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டாம் என்று ஒருவர் முடிவு கட்டிவிட்டால் அந்த அண்டாவை அவர் தலையிலேயே கவிழ்த்தாலும், நிழல் நன்றாக இருக்கிறது என்பார்.

கஸ்தூரி பெஞ்சைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. பந்தயம் கட்டியவள்.

விஜயதசமி காலையில் எத்திராஜ் கம்பெனி கேட்டுக்குப் போய்விட்டார், புது மாடலின் ஸ்டாண்டுக்கு டிராயிங் எப்போது வரும் என்று கேட்க. அவர் தலை மறைந்ததும் கஸ்தூரி என் வீட்டுக்கு வந்தாள். கையில் துலுக்கானம் வளைத்துக் கொடுத்த இரண்டு இரும்புக் கால்கள். அவற்றைத் தூக்கிக் காட்டினாள். பூந்தமல்லிப் பக்கம் கை நீட்டினாள். என் வாயைக் காட்டினாள். எத்திராஜிடம் மட்டும்தான் வாய் திறக்கக் கூடாது என்று பந்தயம், ஆனால் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. பெஞ்சு என்ற சொல்லையே இனி யாரிடமும் உச்சரிப்பதில்லை என்று இருந்தாள்.

பஸ்ஸில் போனோம். பக்தவத்சலம் நெற்றி நிறைய விபூதியோடு, தரையில் உட்கார்ந்திருந்த எதிர்கால இன்ஜினீயர்களுக்கு நடுவில் நின்றிருந்தார். பேசுவதெல்லாம் என் பாடு. வாய் இருக்கிறவள் எதற்குக் குறைத்துப் பேச வேண்டும்? இந்தக் காலின் மேல் இரண்டு எருமைகளை ஏற்றிப் பார்த்தோம், எருமைதான் வளைந்தது என்றேன். அவர் ஒரு பலகையை வைக்கச் சொல்லி, தானே ஏறி உட்கார்ந்தார். அவர் எடைக்கு எருமைகளைக் கூப்பிட்டிருக்கவே வேண்டாம். கால் அசையவில்லை.

"இந்தம்மா ஏன் பேசவே மாட்டேங்குது?" என்றார்.

"வேலை தெரிந்தவள். பேச நேரம் இல்லை" என்றேன்.

ஆர்டர் கிடைத்தது. துலுக்கானம் ஆவடிக்குப் போகவில்லை. வளைப்பதற்கு மிஷின் இருந்தது, ஒட்டுவதற்கு அவன் இருந்தான். அத்தனை காலுக்கும் துருப் பிடிக்காமல் ரெட் ஆக்சைடு அடிக்க வேண்டுமே, பிரஷ் வைத்து எப்போது அடித்து முடிப்பது? கஸ்தூரி யோசிக்கவில்லை. கேன்டீன் அண்டாவை ஷெட்டின் நடுவில் வைத்து, பெயிண்டைக் கரைத்து ஊற்றி, கால்களைக் கொத்துக் கொத்தாக முக்கி எடுத்தாள். சாம்பார் காய்ந்த அண்டாவில் செம்மண் குழம்பு. வழிந்த பெயிண்டில் இரண்டே நாளில் அந்தப் புள்ளி எழுத்து மூடிப்போய்விட்டது.

தை பிறப்பதற்கு முன்னால் கம்பெனியை மூடுவதாகக் கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். காக்கிச் சட்டைக்காரர்கள் தினமும் போய் அதை வாசித்தார்கள், எழுத்து மாறியிருக்குமோ என்று. எத்திராஜ் அவர்களோடு ஒரு மாதம் நின்றார். சிட்டு வண்டியை ஊருக்குள் தேடிப் பார்த்தால் காய்கறி விற்பவர் ஒருவரிடம் மட்டும் இருந்தது, அதுவும் ஸ்டாண்டு உடைந்து சுவரில் சாய்ந்து. எத்திராஜ் அவருக்கு ஒரு ஸ்டாண்டு இலவசமாகக் கொடுத்துவிட்டு, ஏதோ கம்பெனியையே நிமிர்த்திவிட்டதுபோல வீட்டுக்கு வந்தார். மிச்சம் குவியலாகக் கிடந்தது. பழைய இரும்புக்காரன்கூட அந்த வளைவைப் பார்த்து முகம் சுளித்தான்.

எங்கள் ஊருக்குப் புத்தி வந்ததா என்று கேட்பீர்கள். இப்போது எல்லோருக்கும் காலேஜ் பைத்தியம். டீக்கடைப் பால் காலேஜ் பஸ் வரும்போது மட்டும் கொதிக்கிறது. நாகப்பன் நீலச் சட்டை தைக்கிறார், நீலத்தைத் தவிர வேறொன்றும் தைப்பதில்லை. கஸ்தூரி ஒருத்திதான் காலேஜ் ஆர்டர் முடிவதற்குள்ளேயே பெருமாள் கோயில் வரிசைக்குத் தடுப்புக் கம்பி, ஆஸ்பத்திரிக்குக் கட்டில் கால் என்று வேறு வேறு இடத்தில் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மாசி மாதம் எத்திராஜ் ஷெட்டுக்குத் திரும்பி வந்தார். வேலைக்கு அல்ல. வாசலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்களை வரவேற்க. நான் ஒருநாள் போனபோது பக்தவத்சலத்தின் மேனேஜர் வந்திருந்தார்.

"முக்கி எடுக்கிற யோசனை நல்லா இருக்கே. யாரோடது?" என்று கேட்டார்.

எத்திராஜ் காலை ஆட்டிக்கொண்டே சொன்னார்: "அது கம்பெனி அண்டா சார். நாந்தான் கொண்டாந்தேன். ஊடு, ஷெட்டு அல்லாம் இன்னிக்கு நடக்குதுன்னா அந்த அண்டாவாலதான். இவ வாணாம்னு நின்னா. வேணும்னா கேட்டுப் பாருங்க."

மேனேஜர் கஸ்தூரியைப் பார்த்தார். துலுக்கானமும் வெல்டிங் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தான். முழங்கை வரை சிவப்புப் பெயிண்டோடு அவள் ஒரு கொத்துக் காலை அண்டாவிலிருந்து தூக்கி, சொட்டு வடிய விட்டு, புருஷன் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு நேராக மேலே காயப்போடும் கம்பிக் கொடியில் மாட்டினாள்.

வாயே திறக்கவில்லை. பந்தயம் பந்தயம்தான்.

வெள்ளை வேட்டியில் மூன்று சொட்டு விழுந்த பிறகுதான் எத்திராஜ் எழுந்தார்.